பையனுக்கு டுஷேன் தசைச்சிதைவு: சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

சுவாசூகாங்_அம்மா | 3 மார்ச் 2025, இரவு 10:52

பையனுக்கு ஐந்து வயது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியை இழுத்துத்தான் ஏறுவான். தரையிலிருந்து எழுந்தால் தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுவான். இரத்தப் பரிசோதனையில் சிகே (தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் நொதி) இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. டுஷேன் தசைச்சிதைவாக இருக்கலாம், மரபணுச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். சிங்கப்பூரில் இதற்கென்று எந்த உதவியும் இருப்பதாகத் தெரியவில்லை. தேடினால் அமெரிக்கா, இங்கிலாந்துதான் வருகிறது. மாமியார் ஊருக்குக் கூட்டிப்போய் எண்ணெய் வைத்தியம் பார்ப்போம் என்கிறார். யாராவது இதில் போயிருக்கிறீர்களா?

ஈசூன்_அப்பா | 3 மார்ச் 2025, இரவு 11:47

இங்கே ஒன்றும் இல்லை என்பது சரியில்லை தங்கச்சி. நிறைய இருக்கிறது. ஒரு மேசையில் இருப்பவருக்குப் பக்கத்து மேசையில் என்ன கிடைக்கும் என்று தெரியாது, அதுதான் தொல்லை. என் மகனுக்கும் டுஷேன். வயது பதினேழு.

சிகே பார்த்தது எங்கே? தனியார் மருத்துவரிடம் என்றால் அவர் கடிதத்தோடு நேராக நிபுணரிடம் ஓடாதீர்கள். அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அப்படிப் போனால்தான் மானியக் கட்டணம். தனியார் நோயாளி என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். இந்த நோயில் மருத்துவமனைக்கு ஆயுசுக்கும் போய்வர வேண்டும், அதனால் முதல் நாளே இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, இல்லாவிட்டால் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை. இரண்டிலும் குழந்தைகள் நரம்பியல் பிரிவு உண்டு.

எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை. ஆனால் பலம் வரட்டும் என்று உட்கார்ந்து எழச் சொல்வது, எடை தூக்கச் சொல்வது, மூட்டை இழுத்து மடக்குவது எதுவும் வேண்டாம். டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாததால் இந்தப் பிள்ளைகளின் தசை வேலை செய்யும்போதே கிழிகிறது. பயில்வான் பயிற்சி கொடுத்தால் கூடுதலாகக் கிழியும்.

ஈசூன்_அப்பா | 4 மார்ச் 2025, காலை 7:20

பேருந்தில் இருக்கிறேன், சுருக்கமாக. முதல் சந்திப்பிலேயே "மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்க வேண்டும்" என்று நீங்களே கேளுங்கள். யாராவது அனுப்பி வைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். மருத்துவருக்கு இதயமும் தசையும் தெரியும். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்பது சமூக ஊழியருக்குத்தான் தெரியும். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கான அரசாங்க நிதியான மெடிஃபண்டும் அவர் வழியாகத்தான்.

பீஷானில் சிங்கப்பூர் தசைச்சிதைவுச் சங்கம் இருக்கிறது. 2000-ல் தொடங்கியது. மரபணு முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கூப்பிடுங்கள். கிளப் ரெயின்போவும் நீண்டகால நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு உதவுகிறது. சங்கத்துக்குப் போனால் முதலில் மகிழ்ச்சி வராது, சொல்லிவிடுகிறேன். பெரிய பையன்கள் மூச்சுக் கருவியோடு இருப்பதைப் பார்த்துவிட்டு என் மனைவி அன்று இரவு சாப்பிடவே இல்லை. நான் அடுத்த மாதமும் போனேன். அதே பையன்களில் ஒருவன் கணினி விளையாட்டில் என்னை ஓட ஓட விரட்டினான்.

ஈசூன்_அப்பா | 4 மார்ச் 2025, இரவு 9:35

பெடோக்_கண்ணன் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) அட்டை இருந்தால் சாஸ் மருந்தகம் தரும் கடிதத்துக்கும் மானியம் உண்டு. சுவா சூ காங் பலதுறை மருந்தகத்தில் விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டாம்.

இன்னொன்று. உங்களுக்கு நேராக சிகே பார்த்தது பெரிய அதிர்ஷ்டம். எங்கள் பையனுக்கு நான்கு வயதில் வேறொரு காய்ச்சலுக்கு இரத்தம் எடுத்தபோது ஏஎல்டி, ஏஎஸ்டி என்ற ஈரல் நொதிகள் இரண்டும் எகிறியிருந்தன. ஈரல் என்றார்கள். ஈரலுக்கு ஸ்கேன், ஈரலுக்கு மருந்து, ஈரலுக்காக என் அம்மா கீழாநெல்லி. அந்த நொதிகள் தசையிலிருந்தும் கசியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கெண்டைக்கால் வேறு உருண்டு திரண்டு இருக்கும். "காற்பந்து ஆடுற கால்" என்று என் சித்தப்பா பெருமைப்பட்டார். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பும் நாருமாக நிறைந்திருந்த கால் அது. கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவர், மிகச் சின்னப் பெண், அவனைத் தரையில் உட்கார வைத்து எழச் சொன்னார். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார். தொடையில் கை ஊன்றி எழுவதற்கு கோவர்ஸ் அறிகுறி என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் வேறு யாராவது வீட்டில், ஈரல் நொதி ஏறியிருக்கிறது, ஆனால் ஈரலில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லப்படும் சிறு பையன் இருந்தால் சிகே பார்க்கச் சொல்லுங்கள்.

ஈசூன்_அப்பா | 9 மார்ச் 2025, மாலை 4:10

ஸ்டீராய்டு பற்றித் தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில், நாலு பேருக்குப் பயன்படட்டும்.

ஆமாம், கொடுப்பார்கள். பிரெட்னிசலோன் அல்லது டிஃப்ளசகார்ட். நோயைக் குணப்படுத்தாது. நடக்கும் காலத்தை நீட்டும், முதுகு வளைவதைக் குறைக்கும், மூச்சுத் தசைகளையும் கொஞ்சம் காப்பாற்றும். அதற்கு விலை இருக்கிறது: முகம் உப்பும், பசி அடங்காது, எலும்பு மெலியும், உயரம் நிற்கும், கோபம் வரும். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு பரோட்டாவுக்கு அழுகை. பக்கத்து வீட்டு மலாய் அக்கா பாவம் என்று நினைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கூட்டிய எடையைக் குறைக்க நாங்கள் பட்டபாடு பெரிது, எடை கூடினால் நடை சீக்கிரம் போகும்.

தொடங்கும் முன் தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள், முக்கியமாக உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள். அவற்றை முன்னமே முடித்துவிடுவது நல்லது.

தொடங்கிய பிறகு திடீரென்று நிறுத்தவே கூடாது. ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்து வைத்துவிட்டுப் போவது, பாட்டி "இந்த விஷம் எதுக்கு" என்று ஒளித்து வைப்பது, இதெல்லாம் உயிருக்கு ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தியிருக்கும், மாத்திரையும் நின்றால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். மாமியாரிடம் மற்றதை எல்லாம் விட்டுக்கொடுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

ஈசூன்_அப்பா | 22 மார்ச் 2025, இரவு 12:15

மரபணு முடிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். "என் இரத்தத்தில் இருந்துதான் வந்ததாம், வீட்டில் யாரும் பேசவில்லை" என்ற வரிக்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

டுஷேன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு ஒரே எக்ஸ், அது அம்மாவிடமிருந்துதான் வரும். அதற்கு மேல் உங்கள் பங்கு எதுவும் இல்லை. மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்களில் அம்மாவிடமும் இந்தக் குறை இருக்காது, பிள்ளையிடம் புதிதாக ஏற்படும். எங்கள் வீட்டில் என் மனைவியிடம் இருந்தது. என் அத்தை ஒருவர் தீபாவளி அன்று, முறுக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பொண்ணு எடுக்கும்போதே விசாரிச்சிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நாங்கள் போவதில்லை. சமாதானம் பேச வந்தவர்களிடம், என் மனைவியின் இதயத்தையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டியிருக்கிறது, அதைப் பற்றி அத்தைக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மரபணுவைச் சுமக்கும் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனப்படலாம். உங்களுக்கு ஒரு எக்கோ (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எல்லாரும் பையனையே பார்ப்பார்கள், அம்மாவை யாரும் பார்க்க மாட்டார்கள். உங்கள் தங்கைக்குத் திருமணம் பேசுகிறார்கள் என்றீர்கள். அவரும் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. மறைத்து வைத்துத் திருமணம் முடித்தால் பின்னால் இதைவிடக் கஷ்டம். சுமப்பவராகவே இருந்தாலும், செயற்கைக் கருத்தரிப்பில் கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் வழி சிங்கப்பூரில் இருக்கிறது.

ஈசூன்_அப்பா | 23 மார்ச் 2025, காலை 8:05

ஒருவர் "சோதனை எடுத்தால் தங்கைக்குக் காப்புறுதி கிடைக்காதே" என்கிறார். சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021 அக்டோபரில் ஓர் உடன்பாடு போட்டன. நோய் வராதவரின் முன்னறியும் மரபணு முடிவைக் காப்புறுதி நிறுவனம் பொதுவாகப் பயன்படுத்தக் கூடாது. பெரிய தொகைப் பாலிசிகளில் சில விலக்குகள் உண்டு. நோய் ஏற்கனவே உறுதியான பிள்ளைக்கு இது பொருந்தாது. பிள்ளைக்கு அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் இருக்கிறது, அதில் பிறவி நோய் என்று தள்ள மாட்டார்கள்.

ஈசூன்_அப்பா | 14 ஏப்ரல் 2025, காலை 11:30

புத்தாண்டு வாழ்த்து எல்லாம் குடும்பக் குழுவில் ஓடிக்கொண்டிருக்கிறது, இங்கே பள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

தொடக்கநிலை ஒன்று பதிவு உங்களுக்குச் சீக்கிரமே வரும். பெயர் பெற்ற பள்ளிக்காகத் தொண்டூழியம் செய்து வரிசையில் நிற்கும் ஆசையை விட்டுவிடுங்கள். லிஃப்ட் எங்கே நிற்கிறது, கழிப்பறையில் சக்கர நாற்காலி திரும்புமா, சிற்றுண்டிச் சாலைக்குப் படி உண்டா, வகுப்பிலிருந்து திடலுக்குக் கூரை உண்டா. நேரில் போய்ப் பாருங்கள். இப்போது அவன் நடக்கிறான். தொடக்கநிலை நான்கு, ஐந்தில் நடக்காமல் போகலாம். இன்று நடக்கிற பிள்ளைக்குப் பள்ளி தேடக் கூடாது, பத்து வயதில் இருக்கப்போகிற பிள்ளைக்குத் தேட வேண்டும். கசப்பாகத்தான் இருக்கும்.

எங்கள் பையன் படித்த பள்ளியில் மற்ற எல்லாப் பாடமும் கீழ்த்தளத்தில், தமிழ் மட்டும் மூன்றாவது மாடியில், அந்தப் பகுதிக்கு லிஃப்ட் இல்லை. தாய்மொழியிலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ளுங்களேன் என்று இனிமையாகச் சொன்னார்கள். நான் சொன்னேன், தமிழ் படிப்பது ஒன்பது பிள்ளைகள், ஒன்பது நாற்காலியைக் கீழே இறக்குங்கள். இரண்டு தவணை கடிதம் எழுதிய பிறகு இறக்கினார்கள். விலக்கு என்பது சிலருக்கு உண்மையிலேயே தேவை, அதைக் குறை சொல்லவில்லை. மாடிப்படியைக் காரணம் காட்டித் தர வந்ததைத்தான் மறுத்தேன்.

சிறப்புத் தேவை அதிகாரியைப் பள்ளி தொடங்கும் முன்பே பாருங்கள். டிஸ்ட்ரோஃபின் மூளையிலும் வேலை செய்கிறது, அதனால் இந்தப் பிள்ளைகளில் கணிசமானவர்களுக்கு வாசிப்பிலோ கவனத்திலோ தடுமாற்றம் இருக்கும். சோம்பேறி என்று யாராவது சொல்வதற்குள் சோதித்துவிடுவது நல்லது. பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குக் கூடுதல் நேரம் போன்ற தேர்வு ஏற்பாடுகளைப் பள்ளிதான் மருத்துவ அறிக்கையோடு தேர்வு வாரியத்திடம் கேட்க வேண்டும். கை சோரும் பிள்ளைக்கு அது சலுகை இல்லை.

ஈசூன்_அப்பா | 30 மே 2025, இரவு 10:20

தெம்பனிஸ்_அக்கா சக்கர நாற்காலி பற்றிக் கேட்டிருந்தார், அவர் மகனுக்குப் பன்னிரண்டு வயது.

அக்கா, கடைக்குப் போய் வாங்கிவிடாதீர்கள். உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு நடத்தும் உதவித் தொழில்நுட்ப நிதி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து விலையில் 90 விழுக்காடு வரை தருவார்கள், ஒருவருக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு 40,000 வெள்ளி. முதலில் மதிப்பீடு, பிறகு விண்ணப்பம், அனுமதி, அதன் பிறகுதான் வாங்குவது. வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் வேலைக்கு ஆகாது. லெங்கோக் பாருவில் எனேபலிங் வில்லேஜுக்குள் டெக் ஏபிள் என்ற இடம் இருக்கிறது, பையனையே உட்கார வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

எங்கள் முதல் நாற்காலியில் பின்சாய்வு இல்லை, விலை குறைவு என்று எடுத்தது. ஒரே ஆண்டில் முதுகு சாயத் தொடங்கியது. தலை தாங்கி, பக்கத் தாங்கி, சாய்க்கும் மோட்டார் இவற்றைப் பின்னால் பொருத்த இடம் உள்ள சட்டகமாகக் கேளுங்கள். அந்த 40,000 வெள்ளியை முதல் நாற்காலியிலேயே கரைத்துவிடாமல் கணக்கும் போட வேண்டும், நாற்காலி வளரும் பிள்ளையோடு மாறும்.

அப்புறம் வீடு. உங்கள் தளத்தில் லிஃப்ட் நிற்காது என்றீர்கள். மேம்பாடு செய்ய முடியாத அத்தகைய புளோக்கில் இருக்கும் நடமாட்டச் சிரமமுள்ள குடும்பங்கள் வேறு வீடு வாங்க, லிஃப்ட் வசதிக்கான வீட்டு மானியம் என்று 2020-ல் தொடங்கினார்கள், 30,000 வெள்ளி வரை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளையில் கேளுங்கள். படியில் மகனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை இன்னும் எத்தனை நாள் செய்வீர்கள்? அவனுக்கு எடை கூடும், உங்களுக்கு இடுப்பு தேயும்.

ஈசூன்_அப்பா | 31 மே 2025, பகல் 1:05

ஒரு புலம்பல். 2020 கடைசியிலிருந்து பொதுப் பேருந்துகள் எல்லாம் சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகள். எம்ஆர்டி நிலையம் எல்லாவற்றிலும் லிஃப்ட். ஈசூனிலிருந்து தேக்கா வரை எந்தத் தடையும் இல்லாமல் வந்துவிடுகிறோம். வந்த பிறகு சிராங்கூன் சாலை ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை ஒரு படி, படி இல்லாத இடத்தில் வெங்காய மூட்டை. வேட்டி வாங்க என் மகனை வெளியே நிறுத்தினோம், கடைக்காரர் வேட்டிகளைச் சாலைக்கே கொண்டுவந்து காட்டினார். இவன் அதை ராஜ உபசாரம் என்றான்.

ஈசூன்_அப்பா | 20 ஜூன் 2025, இரவு 8:50

பெடோக்_கண்ணன் மகனுக்கு தேசிய சேவைக் கடிதம் வந்ததாம், அம்மா அழுதாராம். பதறாதீர்கள். எல்லாப் பையன்களுக்கும் பதினாறரை வயதில் வரும். கணினிக்கு யார் நடக்கிறார், யார் நடக்கவில்லை என்று தெரியாது. பதிவு செய்து மருத்துவ அறிக்கைகளைக் கொடுங்கள். பிஇஎஸ் எஃப் என்று வகைப்படுத்தினால் எந்தச் சேவைக்கும் உரியவர் இல்லை என்று பொருள். கண்டுகொள்ளாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள், தேவையில்லாத சிக்கல்.

எங்களுக்கு வந்தபோது என் மகன் கேட்டான்: "டாங்கி ஓட்ட ஜாய்ஸ்டிக்தானே அப்பா? நான் ஆறு வருஷமா ஓட்டறேனே."

ஈசூன்_அப்பா | 2 ஆகஸ்ட் 2025, இரவு 11:10

மரபணுச் சிகிச்சைக்காக நிதி திரட்டலாமா என்ற கேள்விக்கு இதுவரை பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எலெவிடிஸ் என்ற ஒரே ஊசி. 2023 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நான்கு, ஐந்து வயது நடக்கும் பையன்களுக்கு அனுமதித்தது. 2024-ல் வயது வரம்பை விரிவாக்கியது. விலை 32 லட்சம் அமெரிக்க டாலர். 2025-ல், நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு இளையர்கள் ஊசிக்குப் பிறகு ஈரல் செயலிழந்து இறந்தார்கள். ஜூலையில் விநியோகத்தை நிறுத்தி, மாதக் கடைசியில் நடக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த ஊசியில் போவது முழு டிஸ்ட்ரோஃபின் இல்லை. டுஷேன் மரபணு அவ்வளவு பெரிது, எக்சான் எனப்படும் துண்டுகள் மட்டும் 79. சுமந்து செல்லும் வைரஸுக்குள் அது அடங்காது. அதனால் சுருக்கிய ஒரு வடிவத்தை வைத்து அனுப்புகிறார்கள். ஏற்கனவே அழிந்த தசையை அது திரும்பக் கொண்டுவராது. ஒருமுறை போட்டால் உடம்பில் அந்த வைரஸுக்கு எதிர்ப்பு உருவாகிவிடும், பின்னால் அதைவிட நல்லது வந்தாலும் போட முடியாமல் போகலாம்.

நான் போடக் கூடாது என்கிறேனா? இல்லை. ஐந்து வயது, நன்றாக நடக்கிறான், உங்கள் நரம்பியல் மருத்துவரும் சரி என்கிறார் என்றால் அது ஒரு கணக்கு. இங்கே பிள்ளைகளுக்காக மக்கள் லட்சக்கணக்கில் கொடுத்ததைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஒரு குடும்பம் இரண்டு ஆண்டு நிதி திரட்டுவதிலேயே முழுகி, பிஸியோ, இரவில் கணுக்காலை நீட்டிப் பிடிக்கும் ஸ்ப்ளிண்ட், இதயப் பரிசோதனை எல்லாவற்றையும் கைவிட்டதையும் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தினமும் கணுக்காலை நீட்டிவிடுவதற்குச் செலவில்லை.

சுகாதார அமைச்சும் சிங்ஹெல்த் நிதியும் 2019-ல் தொடங்கிய அரிய நோய் நிதியில் கேட்கலாமா என்கிறார் ஒருவர். பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசாங்கம் மூன்று வெள்ளி சேர்க்கும் நல்ல நிதிதான். ஆனால் அது பட்டியலில் உள்ள குறிப்பிட்ட மருந்துகளுக்கு மட்டும். உங்கள் மருத்துவரிடம் அன்றைய பட்டியலைக் கேளுங்கள்.

ஈசூன்_அப்பா | 17 ஆகஸ்ட் 2025, மாலை 5:40

வெளிநாட்டவருக்கான வேலை அட்டையில் இங்கே இருந்துகொண்டு, தன் பிள்ளைக்கு இந்த உதவிகள் கிடைக்குமா என்று கேட்ட தம்பிக்கு: இங்கே எழுதிய மானியம், நிதி எல்லாம் பெரும்பாலும் குடிமக்களுக்கு, ஓரளவு நிரந்தரவாசிகளுக்கு. நீங்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். நிறுவனக் காப்புறுதியில் பிறவி நோய்க்கு விலக்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், வேலை மாறும் முன்னும் பாருங்கள். மரபணுச் சோதனை, ஆலோசனை இவற்றை வேலூர் சிஎம்சியில் முடித்துக்கொண்டு அறிக்கையோடு வரும் குடும்பங்கள் உண்டு. இந்தியாவிலும் 2021-லிருந்து அரிய நோய்களுக்குத் தேசியக் கொள்கை இருக்கிறது. மனைவியும் பிள்ளையும் எந்த நாட்டில் நீண்டகாலம் இருக்கப் போகிறார்கள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஈசூன்_அப்பா | 20 செப்டம்பர் 2025, இரவு 11:55

மூன்று வாரம் இங்கே வரவில்லை. என் மகன் மருத்துவமனையில் இருந்தான். சாதாரணச் சளிதான், இருமித் துப்பப் பலம் இல்லாததால் நெஞ்சில் தங்கிவிட்டது. இப்போது வீட்டில் நலம், இட்லி கேட்கிறான்.

இந்த நோயில் கால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஆளைக் கொண்டுபோவது மூச்சும் இதயமும். முன்பு இருபது வயதைத் தாண்ட மாட்டார்கள் என்பார்கள். இப்போது முப்பதுகளிலும் அதற்கு மேலும் இருக்கிறார்கள் என்றால், இரவு மூச்சுக் கருவி, இருமல் உதவிக் கருவி, இதய மாத்திரை இந்த மூன்றும்தான் பெரிய காரணம். இதய மாத்திரையை எக்கோ நன்றாக இருக்கும்போதே, பத்து வயதுவாக்கில் தொடங்கச் சொல்கிறார்கள். "இதயம் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?" என்று நானும் கேட்டேன். கெட்ட பிறகு தொடங்கினால் பலன் குறைவு என்றார் மருத்துவர்.

மூச்சு குறைவது பகலில் தெரியாது, இரவில்தான் முதலில் தெரியும். காலையில் தலைவலி, கெட்ட கனவு, அடிக்கடி புரட்டிப் போடச் சொல்வது, வகுப்பில் தூங்குவது. இவற்றில் ஏதாவது இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். பெரியவர்களுக்கு டான் டோக் செங் மருத்துவமனையில் வீட்டு மூச்சுக்கருவிச் சேவை இருக்கிறது.

இதைப் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன்: அவசரப் பிரிவில் வெறும் ஆக்சிஜனை மட்டும் வைத்துவிட்டுப் போக விடாதீர்கள். இவர்களுக்கு நுரையீரல் கெடவில்லை, காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் தசைக்குத்தான் பலம் இல்லை. ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் திரையில் எண் அழகாக இருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே இருக்கும். மூச்சுக் கருவியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். 995 கூப்பிட்டால் வீட்டுக் கருவியையும் முகமூடியையும் ஆம்புலன்ஸில் ஏற்றுங்கள். மயக்க மருந்து விஷயமும் அப்படித்தான், சக்சினைல்கோலின் என்ற மருந்து இவர்களுக்கு ஆகவே ஆகாது, இதயம் நின்றுவிடலாம். பல் பிடுங்குவதாக இருந்தாலும் மயக்கம் கொடுப்பவரிடம் டுஷேன் என்று சொல்ல வேண்டும். இரண்டையும், ஸ்டீராய்டு எடுக்கிறான் என்பதையும் ஒரே தாளில் அச்சடித்து நாற்காலிப் பையில் வைத்திருக்கிறோம். இரவு மூன்று மணிக்கு அப்பா வாயிலிருந்து வார்த்தை வராது, தாளை நீட்டலாம்.

ஈசூன்_அப்பா | 21 செப்டம்பர் 2025, காலை 9:15

இரவு எழுதியதில் விட்டுப்போனது. பிள்ளைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் வயது இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு மிகவும் திண்டாட்டமான காலம். பிள்ளைகள் பிரிவில் ஒரே காலையில் நரம்பு, இதயம், மூச்சு, பிஸியோ எல்லாரும் பார்ப்பார்கள். பெரியவர்கள் பிரிவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள், ஒரு கட்டடம். தேசிய நரம்பியல் கழகத்தில் பெரியவர்களுக்கான தசைநோய் நிபுணர்கள் இருக்கிறார்கள், ஆனால் கோப்பு தானாக நடந்து போகாது. பதினைந்து வயதிலேயே "அடுத்து யார்?" என்று கேட்கத் தொடங்குங்கள். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் என்பது ஒரு வசதி.

ஹெச்சிஏ என்ற அறநிறுவனம் பிள்ளைகளுக்காக நடத்தும் ஸ்டார் பால்ஸ் சேவை பற்றியும் சொல்ல வேண்டும். வலிநிவாரணப் பராமரிப்பு என்றதும் கடைசிக் கட்டம் என்று பயப்படுகிறோம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை, கடுமையான நோயோடு பல ஆண்டு வாழும் பிள்ளைகளின் வீட்டுக்கே தாதி வருகிறார். என் மனைவிக்கு இதை ஒப்புக்கொள்ள நெடுநாள் ஆனது. இப்போது அந்தத் தாதியிடம்தான் என்னைப் பற்றியும் புகார் சொல்கிறாள்.

ஈசூன்_அப்பா | 12 அக்டோபர் 2025, பகல் 3:30

"சம்பளம் கொஞ்சம் கூடினால் எதுவும் கிடைக்காது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் வருமான வரம்பு கிடையாது. பணிப்பெண் தீர்வைச் சலுகைக்கு இல்லை: மாதம் 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் ஒன்றுக்காவது உதவி தேவைப்பட்டால் போதும். வீட்டுப் பராமரிப்பு மானியத்துக்கு மூன்று வேலைகளுக்கு உதவி தேவைப்பட வேண்டும், அதற்கு வருமான வரம்பு உண்டு. 2019-ல் 200 வெள்ளியில் தொடங்கி 2023-ல் 400 வரை வந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். முன்பு வருமானம் கூடுதல் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், வரம்பையும் உயர்த்துகிறார்கள்.

மதிப்பீட்டுக்கு வருபவரிடம் நம் ஆட்கள் செய்வது ஒன்று இருக்கிறது. வந்தவருக்குத் தேநீர் கொடுத்து, "எங்க பையன் எல்லாம் அவனே செய்வான், கெட்டிக்காரன்" என்று பெருமை பேசுவது. என் மாமனார் அப்படித்தான் பேசினார். சட்டைப் பொத்தானைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வந்தவரே பார்க்கட்டும்.

பிள்ளை முப்பது வயதை எட்டும்போது, கடுமையான உடற்குறைக்கான பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் தானாகச் சேர்ந்துவிடும், 1980-லும் அதற்குப் பிறகும் பிறந்த எல்லாருக்கும், ஏற்கனவே உடற்குறை இருந்தாலும். நமக்குப் பிறகு யார் என்பதற்கு சிறப்புத் தேவையுடையோர் அறக்கட்டளை நிறுவனம் 2008-லிருந்து இருக்கிறது. பணத்தை ஏதோ ஒரு சித்தப்பா பெயரில் போட்டு வைப்பதைவிட எனக்கு அது நிம்மதி. இன்னொன்று, இவர்களில் பலருக்குச் சிந்தனை தெளிவாக இருக்கும். இருபத்தொரு வயதானால் தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்பதற்கான நீடித்த அதிகாரப் பத்திரத்தை அவனே எழுதலாம். என் மகன் இப்போதே சொல்லிவிட்டான், அது அக்காவாம், நான் இல்லையாம். வருத்தம்தான். காரணம் கேட்டால், "நீங்க டாக்டர் சொல்ற எதுக்கும் தலையாட்டறீங்க" என்கிறான்.

ஈசூன்_அப்பா | 9 நவம்பர் 2025, இரவு 10:05

சுவாசூகாங்_அம்மா, அறிக்கையில் எக்சான் 45 முதல் 50 வரை இல்லை என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது எக்சான் 51-ஐத் தாண்ட வைக்கும் வகை மருந்துகளுக்குப் பொருந்தும் வகை. எட்டெப்ளிர்சென் என்ற முதல் மருந்து 2016-ல் அமெரிக்காவில் வந்தது, பலன் சிறிது, விலை பெரிது, வாராவாரம் நரம்பில் ஏற்ற வேண்டும். ஆய்வுகளில் சேர நேர்ந்தால் இந்த எண்தான் முதலில் கேட்பார்கள். அறிக்கையின் நகலை நீங்கள் கையில் வைத்திருங்கள், மருத்துவமனைக் கணினியில் மட்டும் இருந்தால் போதாது.

பிஸியோவில் தந்த இரவு ஸ்ப்ளிண்டைப் பையன் கழற்றி எறிகிறான் என்றீர்கள். எங்கள் வீட்டிலும் எறிந்தான். முதலில் ஒரு கால் மட்டும், தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் போட்டுப் பழக்குங்கள், உள்ளே பருத்திக் காலுறை. பாதத்தில் சிவந்த அடையாளம் காலையிலும் மறையாமல் இருந்தால் ஸ்ப்ளிண்ட் சின்னதாகிவிட்டது, பிள்ளை வளர்ந்திருக்கிறான். அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் கூப்பிட்டு மாற்றச் சொல்லுங்கள்.